நாலு வயரும் செல்வராணி கேட்டிராத பாட்டும்

செஞ்சிக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் கிள்ளானில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கோட்டை ஏறினியா?" ஏறவில்லை. லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் மலை, டீக்கடை வாசலில் நின்றால் மலை, பஸ் ஸ்டாண்டில் கரும்புச் சாறு குடிக்க அண்ணாந்தால் டம்ளருக்கு மேலே மலை. அது எங்கே போய்விடப் போகிறது, நாளைக்கு ஏறலாம் என்று தினமும் தள்ளிப்போட்டு, கடைசியில் ஏறாமலே திரும்பிவிட்டேன். எல்லாம் அந்த நாலு வயரால் வந்த வினை.

மலேசியாவில், கிள்ளானில், நானும் என் கணவர் ரவியும் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறோம். கோயில் திருவிழா, கல்யாணம், உறுமி மேளப் போட்டி என்று எங்கே மேளம் அடித்தாலும் கூட்டத்துக்குப் பின்னால், சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் முன்னால், வாயில் கச்சான் கடலையோடு உட்கார்ந்திருப்பவள் நான். எங்கள் ஊர் உறுமி மேளக் குழுவுக்கு ஒரு மேடை நிகழ்ச்சிக்காகப் பம்பைச் சத்தம் வேண்டியிருந்தது. இணையத்தில் வீடியோக்களைத் துழாவி, செஞ்சியில் பம்பை செட் வைத்திருக்கும் ஏழுமலை அண்ணனைப் பிடித்தோம். அவர் பாடுபவர், கையில் உடுக்கை. அவர் தம்பி முருகன் பம்பை. கையில் பிடித்துக் குலுக்கும் சிலம்புக்கு ஒருவர். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறுகூட ஓய்வில்லாத கோஷ்டி.

போனில் கேட்டதும் ஒப்புக்கொண்டார். "எட்த்துக்கம்மா. துட்டெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கண்ணே."

"எங்க ஊட்டம்மா நான் பாடி ஒருநாளும் முழுசா கேட்டதில்ல. அவ கேக்குற மாதிரி ஒண்ணு ரெக்கார்டு பண்ணிக் குடுத்துடு. அப்புறம் நீ எத வேணா எட்த்துனு போ."

விஷயம் இதுதான். பம்பையில் முதல் அடி பலமாக விழுந்ததும் அவர் மனைவி செல்வராணிக்குச் சாமி வந்துவிடும். கண் திறந்து பார்க்கும்போது பாட்டு முடிந்து ஊரே கூழ் குடித்துக்கொண்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. சரி, வீட்டில் சும்மா பாடிக் காட்டலாமே என்றேன்.

"அது அம்மன கூப்புடற பாட்டும்மா. ஊட்ல குந்திகினு கூப்ட்டா, வந்து இன்னா வேணும்னு கேப்பா. இன்னா சொல்றது? டீ சாப்டுறியான்னா?"

செல்போனில் ஊரார் எடுத்த வீடியோக்கள் நிறைய இருக்கின்றனவாம். அதைக் கேட்டால் சாமி வராதா என்றதற்கு, அதில் சாமி வருகிற மாதிரி ஒன்றும் இல்லை என்றார். பம்பை மட்டும் பொரிகிறது, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டுச் செல்வராணி சொன்னது அவரை இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது. "'ஓட்டாஞ்சட்டில கல்லு கொட்ற மாதிரி இருக்குது, இதுக்கா உன்ன ஊரு ஊரா கூப்புடறாங்க'ன்னுட்டாம்மா."

கணவன் நன்றாகப் பாடுவான் என்று ஊருக்கே தெரிந்து, மனைவிக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. உடனே சரி என்றுவிட்டேன். எதைத் தூக்கிக்கொண்டு போவது என்ற சண்டை அதற்குப் பிறகுதான் வீட்டில் ஆரம்பித்தது.

ரவியின் கட்சி லேப்டாப். அதில் பெரிய ரெக்கார்டிங் மென்பொருள், கூடவே மைக் வயர்களைச் செருக ஒரு பெட்டி. வீட்டில் எல்லா வேலையும் அதில்தான் நடக்கிறது. என் கட்சி, உள்ளங்கையில் அடங்கும் சின்ன ரெக்கார்டர். பட்டனை அமுக்கினால் போதும். "அதுல எல்லாச் சத்தமும் ஒண்ணா விழும். சாம்பார்ல உப்பு போட்ட மாதிரி, அப்புறம் பிரிச்சு எடுக்க முடியாது" என்றார் ரவி. அது உண்மைதான் என்பதால் எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவர்கள் வீட்டில் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். கடைசியில் நண்பர் ஒருவர் மூன்றாவதாக ஒன்றை இரவல் தந்தார். டிபன் பாக்ஸ் அளவு ரெக்கார்டர், பென்சில் செல்லில் ஓடும், நாலு மைக்கையும் தனித்தனியாகப் பதியும், எவ்வளவு சத்தம் வந்தாலும் உடையாமல் வாங்கிக்கொள்ளும். எதை விடுவது என்று தெரியாமல் மூன்றையும் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். வயர் இல்லாத மைக்குகளை மட்டும் ரவி தரவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணம் இருந்தது, பெண்ணின் அப்பா பேச வேண்டுமாம்.

முதல் நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பை காணாமல் போனது. "அவலூர்பேட்ட, அவலூர்பேட்ட" என்று கூவிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் என் கையிலிருந்த பெரிய பையை உரிமையோடு வாங்கி, வேர்க்கடலை மூட்டைகளுக்கு மேல் வைத்தார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் ஆட்டோ இல்லை, பை இல்லை, வேர்க்கடலையும் இல்லை. மூன்று ரெக்கார்டிங் கட்சிகளும் ஒரே பையில் கூட்டணியாகப் போய்விட்டன.

நான் நடுரோட்டில் நின்று கையைப் பிசைவதை, பூக்கடை போட்டிருந்த ஒரு அம்மாள் நிதானமாகப் பார்த்தார். கை கனகாம்பரம் கட்டிக்கொண்டே இருந்தது.

"மலேசியாவா?"

"ஆமாக்கா."

"வந்து குந்து. பைய எட்த்துனு போனது எங்க ஊட்டுக்காரர்தான். நீ பின்னால ஏறிட்டன்னு நெனச்சிருப்பாரு. அவலூர்பேட்ட போயி எறக்கும்போது முளிப்பாரு பாரு."

இப்படித்தான் செல்வராணியைச் சந்தித்தேன். பம்பை இல்லாத நாட்களில் ஏழுமலை அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான கைகள், பெரிய பொட்டு, பேச்சில் ஒரு சொட்டுப் பரபரப்பு கிடையாது. சற்று நேரத்தில் போன் வந்தது. "பை எங்கிட்டதான் கீது, நீ எங்கம்மா கீற?" என்று ஏழுமலை அண்ணன் அலறியது பக்கத்து வளையல் கடை வரைக்கும் கேட்டது. செல்வராணி போனை வாங்கி, "பொறுமையா வா. அது சாப்டாம கீது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் பசியாறியாச்சா என்று கேட்போம், பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம். இங்கே "சாப்டியா" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். எதிர் ஹோட்டலில் இட்லியும் வடகறியும் வந்தன. நாசி லெமாக் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்த வடகறி பெரிய அதிர்ச்சி. இரண்டாவது முறை வாங்கினேன். மூன்றாவது முறைக்குச் சப்ளையர் கேட்காமலே ஊற்றினார்.

"அக்கா, அவர் பாட்டைக் கேக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?" என்றேன், பூக்கடைக்குத் திரும்பியதும்.

"நல்லா பாடுவாருன்றாங்க. நான் இன்னாத்த கண்டேன்" என்றார். பூவில் தண்ணீர் தெளித்துவிட்டு, "கூடவே வாழ்றவளுக்குத் தெரியாம ஒண்ணு இருக்குதேன்னு கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டாம் நாள் கருவிகளுக்குப் பரீட்சை. லாட்ஜ் அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த மென்பொருள், நான் நான்தான் என்பதை இணையத்தில் நிரூபித்தால்தான் திறப்பேன் என்றது. அறையில் இணையம் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனால் வந்தது, ஆனால் பேட்டரி தீர்ந்திருந்தது, அங்கே கரண்ட் இல்லை. மாடிக்கும் அறைக்கும் ஏறி இறங்கி, ஒருவழியாகத் திறந்து, மைக்கை வைத்து ஒரு நிமிடம் பதிந்து கேட்டால், வெயிலில் சூடேறிய லேப்டாப் தன் மூச்சிரைப்பைத்தான் பதிந்திருந்தது. ரவிக்கு போன் செய்து, "உங்க ஆளு வேலைக்கு ஆகமாட்டாரு" என்று சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மேலும், பம்பை செட் நடந்துகொண்டே அடிக்கும். லேப்டாப்பை நான் தலையில் வைத்தா நடக்க முடியும்? டிபன் பாக்ஸே போதும் என்று முடிவானது. பிறகு கலந்து சரிசெய்வதற்குக் கைப்பையிலிருந்த டேப்லட், அதில் ஒரு சின்ன செயலி. நாலு சத்தத்துக்கு நாலு கோடு, விரலால் மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது, என்னை யார் என்றும் கேட்காது.

அடுத்த சங்கடம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது மைக் எம்மாத்திரம். பதிந்ததை எல்லாம் கேட்டால், யாரோ காதுக்குள் தார்ப்பாய் உதறுகிற சத்தம். மைக்குக்குப் போடும் ரோமத் தொப்பியைக் கிள்ளானிலேயே மறந்துவிட்டேன். கடைத்தெருவில் குழந்தைத் துணி விற்கும் பாய் ஒருவரிடம் போய், கம்பளிக் குல்லா இருக்கிறதா என்று கேட்டேன்.

"கொளந்தைக்கு எத்தினி மாசம்மா?"

"கொழந்தைக்கு இல்ல பாய். மைக்குக்கு."

பாய் ஒரு நொடி யோசித்தார். வியாபாரி, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "தல எவ்ளோ பெருசு?" என்றார். மைக்கை எடுத்துக் காட்டினேன். கட்டை விரல் அளவுதான். உள்ளே போய், பிறந்த குழந்தையின் கைக்குப் போடும் பஞ்சு உறைகளைக் கொண்டுவந்தார். ரோஜா நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு வாத்து. மைக்குகள் அளவெடுத்த மாதிரி உள்ளே போயின. கடைக்கு வெளியே காற்றில் நின்று பதிந்து பார்த்தோம். பாய் ஹெட்போனை வாங்கித் தானும் கேட்டு, "இப்ப காத்தே இல்லியே" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அதோடு விடாமல், மதியத்துக்கு பிரியாணி எங்கே சாப்பிட வேண்டும், எங்கே சாப்பிடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் ஏழுமலை அண்ணனிடம் சவுண்ட் செக் வேண்டும் என்றேன். எங்கள் தொழிலில் அது பல் தேய்ப்பது மாதிரி, செய்யாமல் ஒரு நாளும் தொடங்குவதில்லை. அவர் முடியாது என்றார். சும்மா அடிக்கவும் கூடாது, சும்மா பாடவும் கூடாது. ஒரு வரி? கூடாது. பாதி வரி?

"பாதி கூப்ட்டா அவளுக்கு இன்னும் கோவம் வரும்மா."

கடைசியில் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு, "அவலூர்பேட்ட, அவலூர்பேட்ட, ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு" என்று முழுக்குரலில் கூவினார். தெருவில் போன இரண்டு பேர் ஏறத் தயாராக வந்து நின்றார்கள். குரலின் அளவு கிடைத்துவிட்டது. பம்பையின் அளவைக் கடவுள் மேல் பாரத்தைப் போட்டு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. காலையிலேயே பம்பைக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டார்கள். பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம், ஒன்று மரம், ஒன்று பித்தளை. இடுப்பில் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். அதற்கு இரண்டு மைக், சிலம்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. நாலு வயரும் என் இடுப்பிலிருந்த பெட்டியில் வந்து சேர்ந்தன. வாத்துப் போட்ட ரோஜா நிறப் பஞ்சு உறைகளைப் பம்பையில் கட்டியபோது முருகன் மட்டும் கொஞ்சம் நெளிந்தான்.

செல்வராணி வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூ கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவர் இரண்டை எடுத்து, பெட்டியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினார். "ஊட்டுக்கு ஊடு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. மிஷின் போயிடும்." பிறகு தெருவோரமாக, கொஞ்சம் தள்ளி, அமைதியாகப் போய் நின்றுகொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது.

பம்பை விழுந்தது. நான் உறுமிச் சத்தத்தில் வளர்ந்தவள், சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இது தரை வழியாக ஏறி முழங்காலைப் பிடித்தது. ஏழுமலை அண்ணன் குரலெடுத்தார். கூட்டம் நகர்ந்தது. அப்போதுதான் நான் செய்த முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. வயர்கள் குட்டை. அவர்கள் மூன்று பேரும் எங்கே போனாலும் நானும் போயாக வேண்டும். முருகன் முன்னால் குதித்தால் நான் முன்னால் குதித்தேன். சிலம்புக்காரர் பின்னால் வளைந்தால் நான் பின்னால் வளைந்தேன். முருகன் ஒரு சுற்றுச் சுற்றியபோது வயர் என்னையும் சுற்றிக்கொண்டது, அவிழ்க்க நான் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியிருந்தது. ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்து ஒருத்திக்கொருத்தி ஏதோ சொல்ல, ஒரு கிழவர் என் நெற்றியில் பயபக்தியோடு விபூதி பூசினார். எனக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். விளக்கம் சொல்ல நேரமில்லை, பூசிக்கொண்டேன்.

வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக விழுந்தது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாத்துகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன.

செல்வராணியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே அந்த நிதானமான அம்மாள் இல்லை. கூந்தல் அவிழ்ந்து, கண் எங்கோ நிலைகுத்தி, தெருவை அடைத்துக்கொண்டு ஆடி வந்தவரை நான்கு பெண்கள் சேர்ந்தும் பிடிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றார். வயரில் கட்டுண்டவள், நான் எங்கே ஒதுங்க? முந்தாநாள் எனக்கு வடகறி வாங்கித் தந்த முகம்தான், ஆனால் என்னைத் தெரியவில்லை. உண்மையில் பயந்துவிட்டேன். பாட்டு இழுத்துக்கொண்டே போனது. இரைச்சலில் அதன் வார்த்தைகள் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பாட்டு முடிந்து பம்பை தணிந்ததும் நெற்றியில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கற்பூரத்தை நாக்கில் வைத்தார்கள். சாமி மலை ஏறிவிட்டது என்றார்கள். செல்வராணி தரையில் சரிந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வேப்பமரத்தடியில் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் குடித்துக்கொண்டிருந்தோம். செல்வராணி விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். "ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி இருக்குது" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பாடினாரா?" என்று கேட்டார்.

நான்காம் நாள், லாட்ஜ் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு டேப்லட்டைத் திறந்தேன். சிலம்பின் மைக் மஞ்சள் தண்ணீரில் உயிரை விட்டிருந்தது. மற்ற மூன்றும் பத்திரம். பம்பை இரண்டும் மின்னின. பாட்டைத் தனியாக வைத்துக் கேட்டேன். காலர் மைக்கில் பம்பையும் கொஞ்சம் ஒழுகியிருந்தது, அது இயல்பு. ஆனால் குரல் பக்கத்தில் நின்று பாடுவது போல் தெளிவாக இருந்தது. கரடுமுரடான, நெளிவுகள் நிறைந்த, நல்ல குரல். முதலில் அம்மனை மலை மலையாக, ஊர் ஊராக அழைக்கிறார். பிறகு வரவேற்கிறார். கடைசிப் பகுதி வந்தது. நேற்று இரைச்சலில் எனக்குப் பிடிபடாத வார்த்தைகள்.

"வந்தவளே, தாயே, பதமா எறங்கிப் போ. செல்வராணி ஒடம்பு நோவாம எறங்கிப் போ. நாளைக்கி அவ பூ கட்டணும், வெரலு வலிக்காம பாத்துக்கோ."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

வயர்களைக் கொடுக்க வந்த முருகனிடம், "இது நேத்து மட்டும் பாடினதா?" என்றேன்.

"எப்பவுந்தான். அண்ணிக்கி சாமி வந்தா அண்ணன் அப்டிதான் முடிப்பாரு. ஊருக்கே தெரியும்."

"அண்ணிக்கு?"

"அவங்க எங்க கேட்டாங்க? இத போயி யாரு சொல்லுவா?"

இப்போதுதான் என் தலைவலி ஆரம்பித்தது. ரவிக்கு போன் போட்டேன். "மிக்ஸ் நல்லா வந்தா அவங்களுக்குச் சாமி வந்துடும், பாட்டைக் கேக்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் கேட்டாங்கன்னா மிக்ஸ் நல்லா வரலன்னு அர்த்தம். நான் என்ன செய்ய?"

"இதுக்கேத்த சாப்ட்வேர் இன்னும் வரலம்மா" என்றார் ரவி.

பம்பையை அடியோடு எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் தரலாமா என்று ஏழுமலை அண்ணனைக் கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "பம்பை இல்லாமலா? ஒப்பாரி மாதிரி இருக்குமே. இதுக்கு அந்த ஓட்டாஞ்சட்டியே தேவல."

ஆகவே மத்தியானம், அவர்கள் வீட்டில், நேரிலேயே கலப்பது என்று முடிவெடுத்தேன். செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழுமலை அண்ணன் எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரம், சொம்பில் தண்ணீர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். முருகன் பிடிப்பதற்குப் பின்னால் நின்றான். செல்வராணி தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

"இன்னாடி இது, ஹெல்மெட்டு மாதிரி" என்றார் செல்வராணி.

கரண்ட் போய் மின்விசிறி நின்றது. நல்லதாகப் போயிற்று, வீடு அமைதியானது. நானும் ஒரு காதில் இன்னொரு ஹெட்போனை வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டேன். பம்பைக் கோடுகள் இரண்டும் அடியில் கிடந்தன. விரலால் மெல்ல மேலே தள்ளினேன். செல்வராணி தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம். வலது கால் கட்டைவிரல் தரையில் தட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம். தோள் ஒரு முறை வெட்டியது. சட்டென்று கீழே இழுத்தேன். தோள் அடங்கியது. கிள்ளானில் எங்கள் மிக்சரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குகள் ஏறி இறங்கும். இங்கே எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் விளக்கு. அது தட்டும் வரை ஏற்றலாம், தோள் அசைந்தால் இறக்க வேண்டும். அடி பலமாக வரும் இடங்களில் முன்கூட்டியே இறக்கி, பாட்டு தனித்து வரும் இடங்களில் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். இவ்வளவு சந்தோஷமாக, இவ்வளவு பயத்தோடு, நான் எந்த மேடைக்கும் மிக்ஸ் செய்ததில்லை.

ஏழுமலை அண்ணனுக்கு எதுவும் கேட்காது. அவர் மனைவியின் முகத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று கண்ணாலேயே கேட்டார். கடைசி என்று சைகை காட்டினேன். அவர் எழுந்து போய், ஒரு வேலையும் இல்லாத ஜன்னலைத் திறந்து, திரும்ப மூடினார்.

பாட்டு முடிந்தது. கட்டைவிரல் நின்றது. செல்வராணி அசையவில்லை. முருகன் ஒரு அடி முன்னால் வந்தான், நான் வேண்டாம் என்றேன். அவர் அவராகவே இருந்தார். கண்ணீர் மட்டும் தாடை வரைக்கும் வந்திருந்தது.

"ஏய்யா" என்றார். காதில் ஹெட்போன் இருந்ததால் தன் குரல் அவருக்கே தெரியவில்லை, தெருவுக்கே கேட்டது. "ஊரு முன்னால நின்னுகினு எம்பேரையா சொல்ற? வெக்கமா இல்ல உனுக்கு?"

ஏழுமலை அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு எப்டி கீது?" என்றார்.

"நல்லாதான் பாட்ற."

அவ்வளவுதான். அவர் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் டேப்லட்டை மூடப் போனேன். செல்வராணி என் கையைப் பிடித்தார்.

"பம்பைய கம்மி பண்ணித்தான வெச்ச?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சிது. முருகன் இப்டி தடவிக் குடுக்க மாட்டானே." ஹெட்போனைச் சரியாக அழுத்தி மாட்டிக்கொண்டார். கூந்தல் முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டுக்கொண்டார். "முதல்லேருந்து வை. முழுசா வை."

"முழுசா வெச்சா நீ இருக்க மாட்டியே" என்றார் ஏழுமலை அண்ணன்.

"நான் கேட்டாச்சு" என்றார் செல்வராணி. "இனி அவ கேக்கட்டும்."

ஏழுமலை அண்ணன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பம்பைக் கோடுகள் இரண்டையும் உச்சி வரைக்கும் தள்ளினேன்.